கிளிப்பச்சை ஸ்வெட்டர்

மார்கழி பிறந்துவிட்டால் வடக்கனந்தல் பெண்கள் அம்சவள்ளியிடம் கொஞ்சம் அடங்கித்தான் நடப்பார்கள். மற்ற மாதங்களில் அவளும் எல்லாரையும்போலத்தான். இரண்டு மாடு, கொஞ்சம் மரவள்ளிக் காடு, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற சுப்புராயன் என்று ஒரு புருஷன். சிவப்புப் புடவை கட்டி மாலை போட்டுக்கொண்டாளோ, வேறு ஆளாகிவிடுவாள். மேல்மருவத்தூருக்கு இருமுடி கொண்டுபோக பஸ் பேசுவது அவள். யார் எந்த சீட்டு, வண்டி எங்கே நிற்கும், யாருக்கு வாந்தி வரும், அவர்களில் யாருக்கு ஜன்னலோரம் எல்லாம் அவள் வைத்த சட்டம். கோயிலில் இருமுடியைச் செலுத்தியதும் பஸ் ஊருக்குத் திரும்பாது. நேரே மெட்ராஸ்.

சென்னை என்ற சொல் அவள் வாயில் வராது. அவளுடைய மெட்ராஸ் டவுன் பஸ்போல வருஷா வருஷம் ஒரே தடத்தில் ஓடும். வண்டலூரில் புலி. மயிலாப்பூரில் ஒரு கும்பிடு. மெரினாவில் கால் நனைத்தல், சுண்டல், போட்டோ. வெளிச்சம் இருக்கும்போதே லைட்ஹவுஸ். பிறகு தி. நகரில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி ஆளுக்கொரு நைட்டி. கடைசியில் தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளமும் ராட்டினமும். வெயில் காலத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்களுக்குப் புத்தி பிசகு என்பாள். பனி மாசத்தில்தான் அங்கே மனுஷர் நடக்கலாமாம். மெட்ராஸ்காரர்கள் அந்த இளங்காற்றுக்கே குல்லாய் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, கோமுகி அணைக் காற்றில் விடியுமுன் மாடு கறக்கிற வடக்கனந்தல் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள்.

மாலை போட்டவர்கள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவள், பெரியவள், சம்பந்தி, சண்டைக்காரி எல்லாருக்கும் ஒரே பேர்தான், சக்தி. "சக்தி, தண்ணி பாட்டில இப்பிடித் தள்ளு." "சக்தி, கால மடக்குங்க." இதெல்லாம் பஸ்ஸுக்குள் சௌகரியம்தான்.

இந்த வருஷம் புதிதாக ஏறினவள் சாலம்மாள். அம்சவள்ளியின் ஓரகத்தி. சுப்புராயனுடைய அண்ணன் தெய்வசிகாமணியின் மனைவி. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது வந்த காய்ச்சலில் சாலம்மாளுக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அளவு தெரியாமல் பேசுவாள். அவள் அடுப்படியில் சொல்கிற ரகசியம் மோட்டார் கொட்டகையில் இருக்கிறவனுக்குத் தெளிவாக விழும். தெருவில் பாதிப் பேர் அவள் வீட்டுக் குழம்பு என்னவென்று இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

காது செய்யவேண்டிய வேலையையும் சேர்த்து அவள் கண் செய்தது. உதட்டைப் பார்த்தால் போதும், பாதிக்குமேல் பிடித்துக்கொள்வாள். கிழங்குக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கும்போது சோறு வந்துவிட்டால், அம்சவள்ளி வரப்பு மேட்டில் ஏறி ஒரு காலி உரச்சாக்கைத் தலைக்குமேல் வீசுவாள். எத்தனை தூரமானாலும் சாலம்மாள் நிமிர்ந்துவிடுவாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "ஒன்னாட்டம் நான் இன்னா வேலைய மட்டுமா பாக்கறேன், நாலு பக்கமும் பாத்துக்கினு கெடக்கறேன்" என்பாள்.

ஆனால் அவளை வெளியே அனுப்ப தெய்வசிகாமணிக்குப் பயம். ஒருமுறை கள்ளக்குறிச்சியில் பின்னால் வந்த லாரி ஹாரன் கேட்காமல் நடுரோட்டில் நின்றுவிட்டாள். அதிலிருந்து கோயில் திருவிழாவென்றாலும் அவர் கூட இருந்தால்தான் போகலாம். அவரோ எங்கும் போகிறவர் இல்லை. இந்த வருஷம் அவளாகவே அம்சவள்ளியிடம் வந்து நின்றாள்.

"அம்சா, நான் லைட்டவுசு பாக்கணும்."

"லைட்டவுசா? அங்க இன்னாக்கா இருக்குது?"

"டிவில பாத்தேன். ஒசரத்துல நின்னுக்கினா யாரு வராங்க, யாரு போறாங்க எல்லாம் தெரியும். கீழ இருந்தா எனக்கு முதுகுலதான் வந்து இடிக்கிறானுங்க."

அம்சவள்ளி அன்று சாயங்காலமே தெய்வசிகாமணியிடம் போய்ப் பேசினாள். அவர் மாட்டுக்குக் கழுநீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"காது கேக்காதவளக் கூட்டிக்கினு போயி அம்மாங் கூட்டத்துல வுட்டுட்டு வருவ. நான் டேசன்ல அவ போட்டோவ வெச்சிக்கினு நிக்கணும்."

"வுட்டுட்டு வரத்துக்கா கூட்டிக்கினு போறேன்? இத்தினி வருசமாப் போறேன் மாமா, ஒரு செருப்பத் தொலச்சதில்ல."

"செருப்புக்குக் காது வாணாம்மா."

அவள் விடவில்லை. கடைசியில் அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "சரி, போவட்டும். மெட்ராசு போனதும் வீடியோல அவ மூஞ்சியக் காட்டணும். இன்னொண்ணு கேட்டுக்க. இந்த ஒரு தரம் எதுனா ஆச்சு, அப்புறம் அவ கள்ளக்குறிச்சி சந்தைக்குக்கூடப் போவ மாட்டா. நீயும் வந்து அவளுக்காவ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கல," என்றாள் அம்சவள்ளி. வாசற்படியில் நின்ற சாலம்மாள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று எல்லாரும் சிவப்பில் வந்து நிற்க, சாலம்மாள் மட்டும் சிவப்புக்குமேல் ஒரு ஸ்வெட்டரோடு வந்தாள். பனிமாசத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்பார்களே வடநாட்டுக்காரர்கள், அவர்களிடம் வாங்கினது. கிளிப்பச்சை. பார்த்தால் கண் கூசும். "காதுல குளுரு ஏறுனா தல வலிக்கும்" என்று கழுத்துவரை பட்டன் போட்டிருந்தாள். மேல்மருவத்தூர்வரை அந்தப் பச்சை பஸ்ஸில் ஒரு கிளி உட்கார்ந்ததுபோல் வந்தது. கோயில் வரிசையிலும் அப்படியே. வண்டலூரிலும் அப்படியே. அம்சவள்ளி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரக்கண்ணாலேயே அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டாள். அப்படித் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

மெரினாவில் இறங்கும்போது நல்ல வெளிச்சம். சனிக்கிழமை. உள்ரோட்டில் வரிசையாக டூரிஸ்ட் பஸ்கள். பாதி பஸ்களின் நெற்றியில் ஒரே மாதிரி அம்மன் படம், வேப்பிலைக் கொத்து, சிவப்புக் கொடி. மேல்மருவத்தூர் முடிந்து அவர்களைப்போலவே கடல் பார்க்க வந்தவர்கள். தர்மபுரிக்காரர்கள், சித்தூர்க்காரர்கள், கோலார்க்காரர்கள். மணல் முழுக்க மிளகாய் காயப்போட்ட களம்போல் சிவந்து கிடந்தது.

கடலைப் பார்த்ததும் சாலம்மாள் நின்றுவிட்டாள். "யம்மாடி! இதுக்கு வரப்பே இல்லியாடி!" என்று அவள் சொன்னது சுண்டல்காரர் வரைக்கும் கேட்டு அவர் சிரித்தார்.

கால் நனைத்த பிறகு போட்டோ. கூட்டத்திலேயே நல்ல செல்போன் வைத்திருப்பவள் எழில்மதி. போன வருஷம்தான் கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்தவள். எல்லாரையும் இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு, "சக்தி, அந்தப் பச்ச மட்டும் ஒரு மாதிரி அடிக்குதுங்க" என்றாள்.

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் அந்தப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு ஊர் வழிபாட்டு மன்றத்தில் மாட்டுவார்கள். அவள் சாலம்மாளின் முன்னால் வந்து நின்று, பட்டனைத் தொட்டுக் கழற்று என்று காட்டினாள்.

"குளுருதுடி!"

"மெட்ராசுல இன்னா குளுரு? மெட்ராசுக்காரன் மாதிரி பண்ணாதக்கா. ஒரு போட்டோவுக்கு."

சாலம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கழற்றினாள். அம்சவள்ளி அதைச் சுருட்டித் தன் ஒயர் கூடையில் திணித்தாள். எழில்மதி எடுத்தாள். எல்லாரும் ஒரே நிறம். இன்னொன்று, இன்னொன்று என்று நாலைந்து. பிறகு தண்ணீருக்கு ஒருத்தி, பஜ்ஜிக்கு ஒருத்தி, குதிரை பார்க்க ஒருத்தி என்று வரிசை கலைந்தது. அம்சவள்ளி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "லைட்டவுசுக்குக் கெளம்பலாம், வாங்க சக்தி எல்லாரும்" என்று கூவித் திரும்பினாள்.

சாலம்மாள் இல்லை.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஜ்ஜிக் கடையைப் பார்த்தாள். அங்கே நின்ற சிவப்புகள் தர்மபுரிச் சிவப்புகள். குதிரைக்காரனிடம் நின்றவர்கள் தெலுங்கு பேசினார்கள். அலையோரம் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் ஒரு முதுகு, ஒரு சிவப்பு, ஒரு கொண்டை.

"சக்தி!" என்று கத்தினாள்.

கடற்கரையில் பாதி திரும்பிப் பார்த்தது.

"எங்க சக்திய! சாலம்மாக்காவ!" என்று தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். எல்லாரும் தேடக் கிளம்பினார்கள். ஒருத்தி 'சக்தி' என்றாள், ஒருத்தி 'அக்கா' என்றாள், ஒருத்தி 'பெரிம்மா' என்றாள். அம்சவள்ளி தொண்டை கிழிய 'யக்கா' என்றாள். கூப்பிடக் கூப்பிட வேறு வேறு முகங்கள் திரும்பின. ஒரு கிழவி பக்கத்தில் வந்து, "என்னையாம்மா கூப்ட்ட?" என்று கேட்டாள்.

தண்ணீரோரம் திடீரென்று ஆட்கள் ஓடினார்கள். ஒரு வட்டம் கூடியது. யாரோ "பொம்பளப்பா, தண்ணிய வுட்டுத் தூக்கு" என்றார்கள். கால்களுக்கு நடுவே நனைந்த சிவப்புப் புடவை தெரிந்தது. அம்சவள்ளி செருப்பை எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள். மணல் காலை உள்ளே இழுத்தது. எத்தனை வேகமாக ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்தாள்.

வேறு முகம். யாரோ ஒரு இளம்பெண். அலை இழுத்துக் கீழே தள்ளியிருந்தது. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, முடியிலிருந்து மணலைத் தட்டிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். அம்சவள்ளிக்கு அந்தப் பெண் பிழைத்ததில் சந்தோஷம் வரவில்லை. இவளும் அவள் இல்லையா என்றுதான் தோன்றியது. அதை நினைத்துப் பிறகு கூசினாள். அப்போது கூச நேரமில்லை.

"லைட்டவுசு!" என்றாள் எழில்மதி. "அதத்தான பாக்கணும்னு சொல்லிக்கினே வந்தாங்க. தானா நடந்து போயிட்டு இருப்பாங்க."

இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். லைட்ஹவுஸ் வாசலில் வரிசை வளைந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொப்பி போட்ட குடும்பங்கள். நடுவே சிவப்பும் இருந்தது. ஒவ்வொரு சிவப்பின் முன்னாலும் போய் முகத்தைப் பார்த்தாள். எதுவும் சாலம்மாளுடையது இல்லை. வாசல்காரர், "அஞ்சு மணிக்கு மூடிடுவோம்மா, வரதுனா சீக்கிரம் வாங்க" என்றார். அம்சவள்ளி அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் சின்னச் சின்னதாகத் தலைகள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று சொன்னவள் கீழே எந்த மூலையில் யாரிடம் இடிபட்டுக்கொண்டிருக்கிறாளோ.

திரும்பி வரும் வழியில் போலீஸ் பூத் இருந்தது. உள்ளே ஒரு பெண் போலீஸ். பேரைக் கேட்டார், வயசைக் கேட்டார்.

"மைக்ல சொல்லச் சொல்லட்டுமா?"

"காது கேக்காதுங்க அதுக்கு."

"போன்?"

"இல்லீங்க. நம்பரு எழுதி முந்தானையில முடிஞ்சி வுடறேன்னாரு அது வூட்டுக்காரரு. நான்தான், எதுக்கு, நான் இருக்கேன்ல அப்பிடின்னேன்."

"சரி, இன்னா கட்டியிருக்காங்க?"

"செவப்புப் பொடவைங்க."

பெண் போலீஸ் கடற்கரைப் பக்கம் திரும்பினார். அம்சவள்ளியும் திரும்பினாள். அத்தனை சிவப்பு. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வேற எதாவது அடையாளம் சொல்லுங்கம்மா. நல்லா யோசிச்சி."

"பச்ச சொட்டரு" என்று வாய் முந்திக்கொண்டது. "கிளிப்பச்ச. ஒரு மைலுக்குத் தெரியும்." சொல்லி முடிப்பதற்குள் கூடை தோளில் கனத்தது. "அது... அது தோ, என்னாண்டதாங்க இருக்குது."

"உங்க கூடையில இருக்கறது அவங்களுக்கு எப்பிடிம்மா அடையாளமாவும்?" என்றார் அவர், கடுமையில்லாமல். வயர்லெஸ்ஸை எடுத்துப் பேசினார். ஆள் அனுப்புகிறேன், நீங்கள் பஸ் பக்கம் பாருங்கள், சில பஸ் கிளம்ப ஆரம்பித்துவிட்டன என்றார்.

கிளம்ப ஆரம்பித்துவிட்டன. அம்சவள்ளி நிற்கிற பஸ்களைத் திரும்பிப் பார்த்தாள். சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டால்? கோலாருக்குப் போய்விட்டால்? அங்கே யார் உதட்டைப் பார்த்து அவள் என்ன புரிந்துகொள்வாள்? தன் ஊர்ப் பேரைச் சொல்வாள், சத்தமாகத்தான் சொல்வாள், கேட்கிறவனுக்கு வடக்கனந்தல் எங்கே என்று தெரிய வேண்டுமே.

செல்போன் அடித்தது. தெய்வசிகாமணி. வீடியோ.

எடுக்காமல் விட்டாள். நின்று, மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் இன்னும் மோசம். அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவைக் கடல் பக்கம் திருப்பி எடுத்தாள்.

"தோ பாருங்க மாமா, கடலு!"

"கடலு எங்கியும் போவாது. அவ எங்க?"

"சுண்டல் வாங்கப் போயிக்கீது. கூட ஆளு இருக்குது."

"மூச்சு வாங்குது ஒனக்கு. இன்னா ஓடிக்கினு வந்தியா?"

"மணலு மாமா. நடந்தாலே வாங்குது."

"சரி, அவளக் கூப்புடு. ஒரு பார்வ பாத்துட்டு வெச்சிடறேன்."

"இன்னா மாமா நீங்க, கூப்புட்டா கேக்குமா அதுக்கு?" என்றாள் அம்சவள்ளி. "வந்ததும் நானே போடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகும் அவள் சொன்னது அவள் காதிலேயே நின்றது. கூப்பிட்டால் கேட்குமா. இத்தனை நேரமாக அவள் செய்துகொண்டிருந்தது என்ன? அவள் மட்டுமா, கூட வந்த அத்தனை பேரும் கடற்கரை முழுக்க ஓடி ஓடி ஒரு செவிடியைக் குரல் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஒரே வாசலில் இருந்தும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊரில் இருந்தால் கை தானாகச் சாக்கைத் தேடியிருக்கும். மெட்ராசுக்கு வந்ததும் வாய்தான் பெரிதாகிவிட்டது.

அவள் பஸ் நிற்கும் உள்ரோட்டுக்கு ஓடினாள். எழில்மதி "எங்கங்க, எங்கங்க" என்று பின்னாலேயே வந்தாள். பஸ்ஸுக்கடியில் நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தார் டிரைவர் கொளஞ்சியப்பன். பின்பக்கம் மூட்டை ஏற்றுகிற இரும்பு ஏணி. அம்சவள்ளி புடவையை முழங்காலுக்குமேல் இழுத்துச் செருகிக்கொண்டு அதில் கால் வைத்தாள்.

"யம்மா! யம்மோவ்! இன்னா பண்றீங்க? எறங்குங்க, வுழுந்து தொலச்சா நான்தான் உள்ள போவணும்!" கொளஞ்சியப்பன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாயப் பொத்திக்கினு ஏணியப் புடி அண்ணா!"

மேலே தகரம் சுட்டது. காற்று தள்ளியது. நிமிர்ந்து நின்றாள். பிறகு கீழே பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் சிவப்பும் இருக்காது, பச்சையும் இருக்காது. கூடையிலிருந்து ஸ்வெட்டரை உருவினாள். இரண்டு கையாலும் அதன் கைகளைப் பிடித்துக்கொண்டு, மரவள்ளிக் காட்டு வரப்பில் வீசுகிற மாதிரியே தலைக்குமேல் வீசினாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

கீழே ஆட்கள் கூடினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "சாமி வந்துடுச்சு போல" என்றாள் ஒருத்தி. "ஓம் சக்தி!" என்று யாரோ எடுத்துக்கொடுக்க, நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்சவள்ளி யாரையும் பார்க்கவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கை மாற்றி வீசினாள். மணலில் எவளும் நிமிரவில்லை. எந்தச் சிவப்பும் அவளை நோக்கி நடந்து வரவில்லை.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பஸ் நகர்ந்து வந்தது. அம்மன் படம், வேப்பிலை, கொடி. அவர்கள் வந்த பஸ்ஸைப்போலவே வெள்ளை. அது அவர்களைக் கடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். அம்சவள்ளி அதன் ஜன்னல்களைப் பார்த்தபடியே வீசினாள். முதல் ஜன்னல். இரண்டாவது. எல்லாம் புது முகங்கள், இவளை வேடிக்கை பார்த்து வாய் திறந்திருந்த முகங்கள். பஸ் பாதி கடந்துவிட்டது. முக்கால் கடந்துவிட்டது.

கடைசிக்கு முந்தின ஜன்னலில் ஒரு கை வெளியே வந்து தகரத்தைப் படபடவென்று அடித்தது. அதற்கும் முன்னால் குரல் வந்துவிட்டது. அந்தக் கடற்கரையில், அத்தனை அலைக்கும் ஹாரனுக்கும் மேலே.

"அடியே அம்சா! எஞ் சொட்டர எதுக்குடி கொடியாட்டம் ஆட்டிக்கினு நிக்கற! கிழிஞ்சிடப் போவுதுடி!"

அம்சவள்ளி பஸ்ஸின் தலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சியப்பன் ஓடிப்போய் அந்த பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். உள்ளே தெலுங்கில் பெருங்கூச்சல். கதவு திறந்து, சாலம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மூன்று நான்கு தெலுங்குப் பெண்கள் இறங்கி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இவர்கள் யாருக்கும் புரியாத பாஷையில் நடந்ததைச் சொன்னார்கள்.

சாலம்மாள் சொன்னதுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஊருக்கே புரிந்தது. போட்டோ எடுத்த பிறகு குளிர் காதில் ஏறியது. சொட்டரைக் கேட்கலாமென்று, அம்சா என்று நினைத்து ஒரு முதுகைப் பார்த்தபடி பின்னாலேயே போனாள். சிவப்புப் புடவை, அதே கொண்டை, தோளில் அதே மாதிரி ஒயர் கூடை. அந்த முதுகு பஸ்ஸில் ஏறியது. அவளும் ஏறினாள். நம்ம பஸ்தானே, அம்மன் படம் இருக்கிறதே. ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் காதை மூடினாள். கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் சுற்றிலும் வாய் அசைகிறது, ஒரு வாய்கூடத் தெரிந்த மாதிரி அசையவில்லை. வண்டி நகர்கிறது. எழுந்து கத்தப்போனவள் கண்ணில், எதிரே ஒரு பஸ்ஸின் மேலே பச்சை ஆடியது.

"பாத்ததும் சோத்துக்குத்தான் கூப்புடறான்னு நெனச்சேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் உதடு கொஞ்சம் கோணியது. உடனே சரிசெய்துகொண்டு, "எறங்குடி கீழ, பொட்டச்சி பஸ்சு மேல இன்னா வேல" என்று அதட்டினாள்.

அம்சவள்ளி இறங்கியதும் சாலம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. பிடித்த கை மட்டும் விடவில்லை. எழில்மதி போய் பூத்தில் தகவல் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுபடி போன் அடித்தது. வீடியோ. அம்சவள்ளி சாலம்மாள் முகத்தைப் பார்த்தாள். சொல்லாதே என்று தலையசைக்க நினைத்தாள். அசைக்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்தாள்.

சாலம்மாள் திரையை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "கேட்டுக்க! நான் தொலஞ்சி போயிட்டேன். வேற பஸ்சுல ஏறிட்டேன். அம்சா பஸ்சு மேல ஏறி சொட்டர ஆட்டி என்னக் கண்டுபுடிச்சிட்டா. இப்ப லைட்டவுசு பாக்கப் போறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

திரையில் தெய்வசிகாமணியின் வாய் வேகவேகமாக அசைந்தது. குரலும் வந்தது. அம்சவள்ளிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதில் அவளுக்கானதும் இருந்தது. சாலம்மாள் கொஞ்ச நேரம் அந்த உதட்டைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துதான் இருக்கும்.

"ஒண்ணியும் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"வூட்டுக்குப் போனா இருக்குதுக்கா நமக்கு" என்றாள் அம்சவள்ளி, உதடு தெரிய.

"இருக்கட்டும். திட்டுனா எனக்கு இன்னா, திரும்பி நின்னுக்குவேன். ஒனக்குத்தான் காது கேக்குது, நீ படு." சொல்லிவிட்டு அம்சவள்ளியின் கையிலிருந்த ஸ்வெட்டரை வாங்கினாள். உதறினாள். போட்டுக்கொள்ளப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அதை அம்சவள்ளியின் தோளில் போர்த்தி, கையை நுழைத்து, கழுத்துவரை பட்டனைப் போட்டுவிட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்குக்கா? வேர்த்து ஊத்துது."

"ஊத்தட்டும். ஒன் முதுவ நான் பாத்துக்கினு வரணும்ல. இனிமே வேற எவ முதுவு பின்னாலயும் நான் போவ மாட்டேன்."

காதுக்கு எழில்மதியின் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டாள். லைட்ஹவுஸ் வாசலை மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஓடிப்போய் நுழைந்தார்கள். மேலே சாலம்மாள் என்ன பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதெல்லாம் அம்சவள்ளிக்குத் தெரியாது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தி. நகர் கூட்டத்திலும் தீவுத்திடல் ராட்டினத்திலும் அம்சவள்ளி கழுத்துவரை பட்டன் போட்ட கிளிப்பச்சையோடு வியர்த்து வழிந்தபடி முன்னால் நடந்தாள். வடக்கனந்தல் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஊருக்குப் போனதும் தெய்வசிகாமணி சொன்னதைச் சொன்னபடி செய்தார், சாலம்மாளுக்கு இனி சந்தைகூடக் கிடையாது. வாசலில் நின்று அவர் பேசப் பேச, சாலம்மாள் திரும்பி நின்றுகொண்டாள், அம்சவள்ளி பட்டாள். வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் அவள் திறக்கவில்லை.

மன்றத்தில் மாட்டப் போட்டோ பிரிண்ட் எடுக்கப் போனபோது, எழில்மதி கடற்கரையில் எடுத்ததைக் காட்டினாள். எல்லாரும் ஒரே சிவப்பு, வரிசை வரிசையாக, ஒரு குறை இல்லை. அம்சவள்ளி அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தீவுத்திடலில் ராட்டினத்துக்குக் கீழே எடுத்ததைப் பிரிண்ட் போடச் சொன்னாள். அதில் பாதிப் பேர் கண் மூடியிருக்கிறார்கள். நடுவில் அவள் மட்டும் பச்சை. சாலம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தெய்வசிகாமணி அந்தப் பக்கமாகப் போனால் மன்றத்து வாசலில் கொஞ்சம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று சொல்கிறார்கள். அடுத்த மார்கழியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்சவள்ளியும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் வடநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டுவதற்குள் சாலம்மாள் மட்டும் இன்னொரு ஸ்வெட்டர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அதே பச்சை.